கல்லறைக்குள் ஒரு கீற்று வெளிச்சம்: அயர்லாந்தின் இரண்டு வழிகாட்டிச் சுற்றுகள்

பெங்களூரின் அல்சூரிலும் இந்திராநகரிலும் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இப்போது டப்ளினில் மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள். கோடையில் ஒரு மாதம் அவர்களோடு தங்கிவிட்டு வரும் பெற்றோரில் பெரும்பாலோர் கடலோரப் பாறைகளையும் கடைத்தெருக்களையும் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். சென்ற ஜூன் மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்த நானும் என் மனைவியும் அயர்லாந்து அரசின் பொதுப்பணி அலுவலகம் பராமரிக்கும் தொன்மைச் சின்னங்கள் சிலவற்றைப் பார்த்தோம். அவற்றுள் வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகக்கூடிய நியூகிரேஞ்ச், கில்மெய்னம் சிறை ஆகிய இரண்டும் எவரும் தவறவிடக்கூடாதவை என்பதால், அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

நியூகிரேஞ்ச் டப்ளினுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பாயின் ஆற்றின் வளைவில் உள்ளது. கி.மு. 3200 வாக்கில், அதாவது எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் முன்பே எழுப்பப்பட்ட கல்லறை மேடு அது. மேட்டுக்கு நேராகக் காரில் போய் இறங்க முடியாது. ஆற்றின் மறுகரையில் உள்ள பார்வையாளர் மையத்தில் பெயரைப் பதிந்து, நடைபாலத்தைக் கடந்து, அவர்களுடைய சிற்றுந்தில்தான் செல்ல வேண்டும். முதலில் இது வீண் அலைச்சலாகத் தோன்றியது. ஆனால் வாசலில் நிற்கும் சுருள் கோலம் செதுக்கிய பெருங்கல்லைச் சுற்றிக் கூட்டமோ கடைகளோ இல்லாததைக் கண்டதும், இந்தக் கட்டுப்பாடு எதற்காக என்று புரிந்தது.

உள்ளே போகும் வழி 19 மீட்டர் நீளம். இருபுறமும் கற்கள் நெருங்கி வருவதால் சில இடங்களில் தோளை ஒருக்களித்து, தலையைக் குனிந்துதான் நகர வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களும் அடைத்த இடத்தில் மூச்சு முட்டுபவர்களும் யோசித்து முடிவு செய்வது நல்லது. வழியின் முடிவில் உள்ள அறையின் கூரை, கல்லை அடுத்த கல் சற்றே முன்தள்ளி நிற்குமாறு சுண்ணாம்புச் சாந்து எதுவுமின்றி அடுக்கப்பட்டது. ஐயாயிரம் ஆண்டு மழைக்குப் பிறகும் அது ஒழுகுவதில்லை. அங்கே எல்லோரையும் நெருக்கி நிற்கவைத்துவிட்டு, வழிகாட்டிப் பெண் விளக்குகளை அணைத்தார். என் கையே எனக்குத் தெரியாத இருட்டு. சில நொடிகள் கழித்து, வாசல் பக்கத்திலிருந்து மஞ்சள் கீற்று ஒன்று தரையில் விரல் அகலத்துக்கு ஊர்ந்து வந்து, என் செருப்பின் நுனியைத் தொட்டு, பிறகு மெல்ல அகன்றது. அது மின்விளக்கால் செய்து காட்டும் காட்சிதான். ஆயினும் டிசம்பர் மாதக் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாள்களில், அதாவது பகல் மிகக் குறுகியிருக்கும் நாள்களில், வாசலுக்கு மேலே இதற்கென்றே அமைத்த சிறு திறப்பின் வழியாக, உதிக்கும் சூரியனின் ஒளி உண்மையாகவே இந்த அறைக்குள் வந்து ஏறத்தாழ 17 நிமிடங்கள் தங்குகிறது. உள்ளறையின் தரை வாசலைவிட ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில் இருப்பதால், வாசல் வழியே வரும் ஒளி அவ்வளவு தூரம் எட்டாது. அதற்காகவே அந்த மேல்திறப்பு. அகழாய்வை நடத்திய பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பரில் தனியாக உள்ளே நின்று இதைக் கண்டார்.

என் மனைவி இருட்டில் என் கையைப் பிடித்து, "நம்ம கவிகங்காதரேஸ்வரர்!" என்றாள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மகர சங்கராந்தி மாலையில் கவிபுரம் குகைக் கோயிலில் நந்தியின் கொம்புகளுக்கு இடையே புகுந்து லிங்கத்தின்மேல் விழும் வெயிலைப் பார்க்க நாங்கள் எத்தனை முறை வரிசையில் நின்றிருக்கிறோம்!

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மேட்டின் முகப்பில் பளிச்சென்று தெரியும் வெண்கல் சுவர் அகழாய்வுக்குப் பிறகு ஓ'கெல்லியின் கருத்துப்படி மீண்டும் எழுப்பப்பட்டது. அது அப்படித்தான் இருந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அந்தச் சுவர் நெருடலாகவே இருந்தது. மேட்டைச் சுற்றிக் கிடக்கும் 97 அடிக்கற்கள்தான் மனத்தில் நின்றன.

டப்ளினில் உள்ள கில்மெய்னம் சிறையை நாங்கள் இரண்டு முறை தேடிப் போக நேர்ந்தது. பெங்களூரிலேயே ஒரு பயண நிறுவனத்திடம் ஒரு நாள் சுற்றுக்குப் பணம் கட்டியிருந்தோம். அவர்கள் தந்த பட்டியலில் இந்தச் சிறையின் பெயரும் இருந்தது. பேருந்து மதில் ஓரமாகப் பத்து நிமிடம் நின்றது, படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஊருக்குத் தொலைபேசியில் கேட்டபோது, "சார், சிறையைக் காட்டுவோம்னுதான் எழுதியிருக்கோம், உள்ளே கூட்டிட்டுப் போறதா எழுதலையே" என்றார்கள். பணம் திரும்பவில்லை. ஆகவே பட்டியலில் ஓர் இடத்தின் பெயர் இருந்தால், நுழைவுச்சீட்டு அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, நீங்களே இணையத்தில் பதிவு செய்வது. சீட்டுகள் 28 நாள்களுக்கு முன்பு, அந்நாட்டு நள்ளிரவில் திறக்கின்றன. கோடையில் அது நமக்கு விடிகாலை நாலரை மணி. இரண்டாம் முறை மகள் அப்படித்தான் பதிந்து தந்தாள்.

1796இல் திறந்து 1924இல் மூடப்பட்ட இந்தச் சிறையைத் தன்னார்வலர்கள் 1960 முதல் கூலியின்றிச் செப்பனிட்டுக் காப்பாற்றினார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில், உள்ளே போனால் சோறாவது கிடைக்கும் என்று சிறு திருட்டுச் செய்து வந்து நிறைந்தவர்களின் கதையை வழிகாட்டி சொன்னபோது, தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி என் பாட்டி தன் பாட்டியிடம் கேட்டுச் சொன்னவை எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான ஜோசப் பிளங்கெட், சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு கிரேஸ் கிஃபர்டை மணந்த சிறு தேவாலயத்தில் சுற்று தொடங்குகிறது. கல்லுடைக்கும் முற்றத்துக்கு வந்ததும்தான் மனம் கனக்கிறது. அந்த மே மாதம் 3 முதல் 12 வரை பதினான்கு பேர் இங்கே சுடப்பட்டார்கள். முற்றத்தின் ஒரு கோடியில் ஒரு சிலுவை, வாயிற்கதவின் அருகே இன்னொன்று. காயத்தால் நிற்க முடியாத இன்னொரு தலைவர் ஜேம்ஸ் கானலியை வண்டியில் கொண்டுவந்து, நாற்காலியில் கட்டிச் சுட்ட இடம் அந்த இரண்டாவது சிலுவை. சரளைக்கல் பரப்பிய வெறும் முற்றம் அது; எங்கள் குழுவில் இருந்த ஒரு குழந்தைகூட அங்கே பேசவில்லை.

சுற்று ஒரு மணி நேரம், பெரும்பாலும் நின்றபடி. கோடையிலும் உள்ளே சில்லிடும் என்பதால் ஸ்வெட்டர் அவசியம். ஐந்தாறு இடங்களுக்குப் போக எண்ணுபவர்கள் இத்தகைய அரசுச் சின்னங்களுக்குள் நுழைய ஓராண்டுக்குச் செல்லும் ஹெரிடேஜ் கார்டை வாங்கலாம். அது இருந்தாலும் இந்த இரண்டுக்கும் நேரத்தைத் தனியே பதிந்தாக வேண்டும். க்ளெண்டலாக் மடாலயத்தின் வட்டக் கோபுரத்துக்கு அந்தக் கவலை இல்லை; நல்ல வெயில் அடிக்கும் நாளில் போய் வரலாம்.

நியூகிரேஞ்சில் டிசம்பர் விடியலில் உள்ளே நிற்க இடம் குலுக்கல் முறையில் தருகிறார்கள்; உலகெங்கிலுமிருந்து விண்ணப்பிக்கிறார்கள். மகளும் எங்கள் பெயர்களைக் கொடுத்திருக்கிறாள். கிடைக்காவிட்டால், ஜனவரியில் வழக்கம்போல் கவிபுரத்து வரிசையில் நிற்போம்.