பல்சாரின் துடிப்பை எதில் அளப்பது? ஃபெர்மியும் நைசரும் வானொலியும்

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பௌதிகவியல் படிக்கும் ஒரு பிள்ளை, வேகமாகச் சுழன்றபடி சீரான துடிப்பாகக் கதிர் வீசும் பல்சார் என்ற விண்மீன் ஒன்றின் துடிப்பைத் தானே அளந்து பார்க்க ஆசைப்பட்டால் எந்தத் தரவில் கைவைப்பது? தெரிவுகள் மூன்று: காமாக் கதிர் பார்க்கும் ஃபெர்மி விண்தொலைநோக்கி, சர்வதேச விண்வெளி நிலையத்தில் பூட்டிய நைசர் எக்ஸ் கதிர்க் கருவி, தரையிலுள்ள வானொலித் தொலைநோக்கிகள். துல்லியத்தை மட்டும் பார்த்தால் மூன்றிலும் ஃபெர்மிதான் கடைசி. அப்படியிருந்தும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன்.

மூன்றிலும் அடிப்படை வேலை ஒன்றே. பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரே துடிப்பு ஒரு மாதம் முந்தியும் இன்னொரு மாதம் பிந்தியும் வந்து சேரும். சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர 499 செக்கன் எடுக்கிறது என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று புரியும். ஆகவே ஒவ்வொரு வருகை நேரத்தையும் சூரியக் குடும்பத்தின் திணிவு மையத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு, ஒரு சுற்றையும் தவறவிடாமல் ஆண்டுக்கணக்கில் எண்ணக்கூடிய சூத்திரம் ஒன்றைப் பொருத்த வேண்டும்.

ஃபெர்மி 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்டது. அதன் பிரதான கருவி ஒரே நேரத்தில் வானத்தின் ஐந்தில் ஒரு பங்கைப் பார்க்கிறது. ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தில், அதாவது பூமியை இரண்டு முறை சுற்றுவதற்குள், முழு வானத்தையும் பார்த்து முடிக்கிறது. ஒவ்வொரு போட்டனுக்கும் (ஒளித்துகளுக்கும்) ஜிபிஎஸ் உதவியோடு ஒரு மைக்ரோசெக்கனுக்கும் குறைந்த பிழையில் நேரம் பதிகிறது. இதில் என்னை மிகவும் கவர்வது என்னவென்றால், எந்தப் பல்சாரையும் 'பார்' என்று யாரும் அதனிடம் கேட்க வேண்டியதில்லை. 2020இல் ஒருவர் புதிய பல்சார் ஒன்றைக் கண்டுபிடித்தால், அதன் காமா போட்டன்கள் 2008இலிருந்தே களஞ்சியத்தில் காத்துக் கிடக்கின்றன. சூத்திரத்தைப் பின்னோக்கி நீட்டினால் பன்னிரண்டு ஆண்டு வரலாறு கைக்கு வரும். தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பாத நாட்களுக்கு வானொலியில் இப்படியொரு வரலாறு கிடைக்கவே கிடைக்காது.

ஃபெர்மிக்கு முன்பு காமாக் கதிரில் துடிப்பது தெரிந்த பல்சார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2023இல் வந்த அதன் மூன்றாவது பல்சார் பட்டியலில் 294 இருந்தன. அவற்றில் ஒரு பகுதி வானொலியில் ஊமை. 2008இலேயே சிடிஏ 1 என்ற சுப்பர்நோவா எச்சத்துக்குள் (வெடித்த விண்மீனின் மிச்சம்) 316 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை சுழலும் பல்சார் ஒன்றை காமா போட்டன்களை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். அப்படியானவற்றுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. வேறு வழி கிடையாது.

குறை போட்டன் பஞ்சம். பிரகாசமான வேலா பல்சாரிலிருந்துகூட ஏறத்தாழ ஆயிரம் சுற்றுக்கு ஒன்றுதான் அகப்படும். சில மில்லிசெக்கனுக்கு ஒருமுறை சுழலும் மங்கலான மில்லிசெக்கன் பல்சார் என்றால் ஒரு போட்டனுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது லட்சக்கணக்கான முறை சுழன்றிருக்கும். விடியவிடிய நடக்கும் வடமோடிக் கூத்தில், மத்தளத்தின் ஆயிரம் அடிக்கு ஒன்றுதான் தூரத்து வீட்டுக்குக் கேட்கிறது என்று வையுங்கள். தாளத்தின் காலம் சரியாகத் தெரிந்தவர் அந்தச் சிதறிய அடிகளை ஒரு தாளவட்டத்துக்குள் மடித்து வைத்தால், எங்கே அடி விழுகிறது என்ற வடிவம் மெல்ல எழும். ஃபெர்மியில் செய்வது இதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு: தாழ்ந்த சக்தியில் போட்டன் வந்த திசையே சில பாகை மங்கலாகத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொன்றும் பல்சாரிலிருந்து வந்ததற்கான நிகழ்தகவை நிறையாகக் கொடுத்துக் கணக்கிடுகிறார்கள்.

வானொலியின் பலம் வேறு தரத்தது. நல்ல மில்லிசெக்கன் பல்சார்களில் நூறு நானோசெக்கன் அளவுக்கே போகலாம். தனித்தனித் துடிப்பையும் பார்க்கலாம்: 2016 டிசம்பர் 12இல் வேலா திடீரெனச் சுழற்சி வேகம் கூட்டியபோது, தாஸ்மேனியாவின் மவுண்ட் பிளசன்ட் தொலைநோக்கி அதை நேரடியாகப் பதிவுசெய்தது, ஒரு துடிப்பு வராமலே போனதும் அதில் தெரிந்தது. காமாவில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஆனால் வானொலி அலை விண்மீன்களுக்கிடையிலுள்ள இலத்திரன்களால் தாமதமாகிறது. மீடிறன் குறையக் குறையத் தாமதம் கூடும். வேலாவுக்கு 1,400 மெகாஹேட்ஸில் இது ஏறத்தாழ 144 மில்லிசெக்கன். அதன் ஒரு சுற்றே 89 மில்லிசெக்கன்தான்! நிலையான தாமதம் என்றால் கழித்துவிடலாம். அந்த இலத்திரன் அளவு மாதத்துக்கு மாதம் மாறுவதுதான் வானொலி ஆய்வாளர்களின் தீராத தலையிடி. காமாக் கதிருக்கு இந்தத் தொல்லை அறவே இல்லை.

வெளியையே சற்று நீட்டிச் சுருக்கி, துடிப்புகளின் வருகை நேரத்தை மாற்றும் ஈர்ப்பலைகளைத் தேடுவதில் ஃபெர்மி, வானொலி இரண்டின் நிலையும் நன்றாகத் தெரியும். 2022இல் ஃபெர்மி குழு 35 பல்சார்களின் பன்னிரண்டரை ஆண்டுத் தரவை வைத்து, வானம் முழுதும் பரவிய பின்னணி ஈர்ப்பலையின் வீச்சு 1.0 × 10⁻¹⁴ஐ மிஞ்சாது என்று எல்லை போட்டது. 2023 ஜூனில் வானொலிக் குழுக்கள் அந்தப் பின்னணிக்கான சான்றையே காட்டின. வட அமெரிக்க நானோகிராவ் குழு சொன்ன அளவு 2.4 × 10⁻¹⁵. புனேக்கு அருகிலுள்ள 30 தட்டுத் தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழுவும் அந்த முயற்சியில் இருந்தது. ஃபெர்மி நான்கு மடங்குதான் பின்தங்கியது, அதுவும் இலத்திரன் தாமதத்தின் கறை படாத அளவீட்டோடு. வேறொரு பணிக்காக அனுப்பிய கருவிக்கு இது பெரிய சாதனை என்றே கருதுகிறேன்.

நைசர் இடையில் நிற்கிறது. 2017இல் நிலையத்தில் பொருத்தப்பட்டது. நேரப்பதிவு நூறு நானோசெக்கனுக்குள். போட்டன்கள் தாராளம். அந்த ஆண்டு நவம்பரிலேயே மில்லிசெக்கன் பல்சார்களை வைத்துத் தன் இருப்பிடத்தைப் பதினாறு கிலோமீற்றருக்குள் கணித்துக் காட்டியது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு இலக்கைத்தான் பார்க்கும். நீங்கள் விரும்பும் பல்சார் தேவையான காலத்தில் பார்க்கப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம்.

ஆகவே ஃபெர்மி. தரவு எல்லோருக்கும் இலவசம். முழு வானத்தையும் இறக்கத் தேவையில்லை, ஒரு பல்சாரைச் சுற்றிய சில பாகை போதும். பட்டியலோடு ஒவ்வொரு பல்சாருக்குமான சுழற்சிச் சூத்திரமும் கிடைக்கிறது. 'பின்ட்' என்ற இலவச பைதன் மென்பொருள் ஒவ்வொரு போட்டனும் சுற்றின் எந்தக் கட்டத்தில் வந்தது என்று கணித்துத் தரும். முதலில் ஜெமிங்காவை எடுங்கள். 237 மில்லிசெக்கன், பிரகாசம், ஏறத்தாழ அரைச் சுற்று இடைவெளியில் இரண்டு சிகரம். மாசி மாத இரவுகளில் மட்டக்களப்பில் கிட்டத்தட்ட உச்சி வானில் நிற்கும் திசை அது. அடுத்து வேலா. 2016 டிசம்பர் 12க்கு முந்திய சூத்திரத்தை அதற்குப் பிந்திய போட்டன்களுக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளுக்குள் கணிப்பு ஒரு முழுச் சுற்றுக்கு மேல் விலகி, சிகரங்கள் கரைந்து தட்டையாகிவிடும்.