தாய்ப்பால் கொடுக்கப் பழக்கும் நர்ஸ் அக்கா, கடலூர்

தலைப்பிரசவம், சிசேரியன். மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒரே பேச்சுதான்: "பால் பத்தலை போல, பவுடர் பால் வாங்கிடலாம்." அம்மா பூண்டும் பால் சுறாப் புட்டுமாகச் செய்து போட்டார். ஆனால் குழந்தை வாய் வைத்தாலே எனக்கு உயிர் போனது. அத்தை ஒருவர்தான் இந்த அக்காவைச் சொன்னார். பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வர ஒரு தடவைக்கு 500 ரூபாய்.

கை கழுவிவிட்டு, "நீ எப்பவும் போலக் கொடும்மா, நான் பார்க்கிறேன்" என்று கட்டிலோரம் உட்கார்ந்தார். குழந்தை குடித்து முடிக்கும் வரை பேசவே இல்லை. அப்புறம்தான், "காம்பை மட்டும் சப்புறான், அதான் வலி" என்றார். தையலில் படாதபடி தலையணை வைத்து, குழந்தையின் கால் என் முதுகுப் பக்கம் போகிற மாதிரி அக்குளுக்கடியில் இடுக்கிக் கொடுத்தார். காம்பால் மேலுதட்டைத் தடவச் சொன்னார். வாய் கொட்டாவி விடுகிற மாதிரி அகலமாகத் திறந்ததும் சட்டென்று அணைத்துவிட்டார். முகவாய் மார்பில் பதிந்தது, மூக்கு விலகி இருந்தது. முதல் சில இழுப்புக்கு வலித்தது, பிறகு வலியே இல்லை. விழுங்கும் சத்தம் அன்றுதான் என் காதில் விழுந்தது. அழுதுவிட்டேன்.

எனக்கு அதைவிடப் பெரிய உதவி, அம்மாவையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்து அவர் பேசியது. இரவும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்கணும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 6 தடவையாவது ஒன்றுக்குப் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதலில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும். தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது. மாமியாருக்குத் தேன் விஷயத்தில் வருத்தம்தான், ஆனாலும் கேட்டுக்கொண்டார். இதையே நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது.

குறையும் உண்டு. பத்து மணிக்கு என்றால் பன்னிரண்டுக்கு வருகிறார். பால் கட்டி மார்பு கல்லாக இருக்கும்போது அந்தக் காத்திருப்பு கொடுமை. முதுநகர், திருப்பாதிரிப்புலியூர் வரைதான் வருவார். நெல்லிக்குப்பம், புதுச்சேரிக்காரர்களுக்குச் சரிப்படாது. மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் தன்னைக் கூப்பிடாமல் நேராக டாக்டரிடம் போகச் சொல்கிறார், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கூப்பிடுவதாக இருந்தால் காம்பு வெடிக்கும் வரை பொறுக்காமல் முதல் வாரத்திலேயே கூப்பிடுங்கள். காலையில் போன் செய்யுங்கள். சாயங்காலம் ஆறுக்கு மேல் எடுப்பதில்லை.