ஹாரி ஸ்டாட்டில்மையரும் என் ஆறாம் வகுப்பும்

சிறுவர்களுக்குத் தத்துவமா என்று தயங்குபவர்கள் ‘ஹாரி ஸ்டாட்டில்மையர்ஸ் டிஸ்கவரி’ என்ற சிறுவர் நாவலின் முதல் அத்தியாயத்தையாவது படித்துப் பாருங்கள். எழுதியவர் மாத்யூ லிப்மன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். 1974-ல் நியூஜெர்சியின் மாண்ட்கிளேரில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்.

வகுப்பில் பராக்குப் பார்க்கும் ஹாரி, ஹாலி வால்நட்சத்திரத்தைக் கோள் என்று சொல்லிவிடுகிறான். எல்லாக் கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன, சரி. சுற்றுவதெல்லாம் கோளா? இதை வைத்து அவனும் வகுப்புத் தோழி லிசாவும் ‘எல்லா’ என்று தொடங்கும் உண்மை வாக்கியத்தை முன்பின்னாகத் திருப்பினால் பொய்யாகிவிடும், ‘எந்த மீனும் பறவையல்ல’ மாதிரியானதைத் திருப்பினாலும் உண்மையாகவே நிற்கும் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. குடியை விடமுடியாதவர்கள் தினமும் மதுக்கடைக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாளும் தினமும் போகிறார். அப்போ அவரும் குடிகாரியா? இந்த வம்பு எங்கள் தெருவிலும் நடப்பதுதான். “கடையில வேலை பார்க்கலாமே டீச்சர்” என்றாள் ஒருத்தி. அப்புறம் ஒரு பையன், “மூன்று பக்கமுள்ள மூடிய உருவமெல்லாம் முக்கோணம்தானே, அதை மட்டும் திருப்பினாலும் ஏன் சரியா வருது?” என்று கேட்டு என்னையே யோசிக்க வைத்தான். அன்று கணக்குப் பாடம் அம்போ.

குறையும் உண்டு. கதை என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். பாத்திரங்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் பெரியவர்கள் மாதிரி. பிற்பகுதி தர்க்கம் கொஞ்சம் வறட்சி. ஆங்கிலத்தை அப்படியே வாசித்தால் வகுப்பு தூங்கிவிடும், நம் பேச்சில் சொல்லுங்கள். ஆசிரியர் கையேட்டையும் சேர்த்தே வாங்குங்கள். கேள்விகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஐந்துக்கு நான்கு தருவேன்.