பச்சைப் பெட்டி ஓவர்டிரைவ்: மூன்று வருடம் மிதித்த பிறகு

இந்த ஓவர்டிரைவ் பெடலின் (கிட்டார் சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்க, காலால் மிதிக்கும் பெட்டி) விலை இறங்கியிருக்கிறது, இப்போது வாங்கலாமா என்று சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கும் நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால்தான் இவ்வளவு நீளம். கம்பெனிப் பெயர் தேவையில்லை. பச்சை நிற பிளாஸ்டிக் பெட்டி, மூன்று குமிழ் (உடைசலுக்கு டிரைவ், சத்தத்தின் கூர்மைக்கு டோன், ஒலியளவுக்கு லெவல்), ஐபனெஸ் கம்பெனியின் டியூப் ஸ்க்ரீமர் பெடல் சர்க்யூட்டின் நகல். மலிவாக ஓவர்டிரைவ் கேட்டால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த ரகத்தைத்தான்.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் குறையே இல்லை. 1979இல் ஐபனெஸின் டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்808 வந்தபோது அதில் இருந்த அமைப்பு அப்படியே இதிலும் இருக்கிறது: ஆப்-ஆம்பின் (சிக்னலைப் பெருக்கும் சிப்) ஃபீட்பேக் வழியில் எதிரெதிராக இரண்டு டயோடு, பக்கத்தில் 51 கிலோ ஓமும் 500 கிலோ ஓம் டிரைவ் பாட்டும் (பொட்டென்ஷியோமீட்டர், குமிழைத் திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்), கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும். டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றி, ஏற்கெனவே சத்தம் லேசாக உடைந்துகொண்டிருக்கும் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) முன்னால் வைத்தால், பத்து மடங்கு விலையுள்ள பெடலோடு தைரியமாக ஒப்பிடலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று அடித்துச் சொல்ல முடியாது.

கோபமெல்லாம் ஸ்விட்ச் மேல்தான்.

காலால் மிதிக்கும் அந்தப் பெரிய மூடிக்குக் கீழே இருப்பது 6 மி.மீ. சதுர டேக்ட் ஸ்விட்ச். டிவி ரிமோட்டிலும் மிக்ஸி பேனலிலும் விரல் நுனியால் அழுத்துவதற்காகச் செய்த பொருள். அதன் மேல் பிளாஸ்டிக் நெம்புகோல் வழியாக ஒரு ஆளின் எடை இறங்குகிறது. முதல் வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு மூடியின் நடுவில் மிதித்தால் வேலை செய்யும், ஓரத்தில் மிதித்தால் செய்யாது. அதற்கும் பிறகு, மிதித்ததும் விளக்கு எரிந்து உடனே அணையும். உள்ளே இருக்கும் உலோகத் தகடு தளர்ந்து, ஒரு மிதியில் இரண்டு முறை தொடுகிறது. சர்க்யூட் அதை இரண்டு மிதியாக எண்ணிக்கொள்கிறது. பாட்டின் நடுவே, சோலோ தொடங்கும் இடத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நல்ல சர்க்யூட்டை வைத்துக்கொண்டு, அதை இயக்கும் ஒரே பொருளில் காசு மிச்சம் பிடித்ததை மன்னிக்க மனம் வரவில்லை.

சரிசெய்யப் போனால் எல்லோரும் முதலில் சொல்வது 3பிடிடி ஸ்விட்ச் (ஒரே மிதியில் மூன்று இணைப்பை மாற்றுவது) போட்டு ட்ரூ பைபாஸ் ஆக்கு, அதாவது அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகட்டும் என்பது. இந்தப் பெடலுக்கு அது வேண்டாத வேலை. ஒன்பது கால், ஏழெட்டு ஒயர், மிதிக்கும்போது 'டப்' என்ற சத்தம், அதை அடக்க உள்ளேயும் வெளியேயும் 1 மெகா ஓம் ரெசிஸ்டர். இத்தனைக்கும் பிறகு நல்ல பஃபர் (நீண்ட கேபிளைத் தாங்கச் சிக்னலுக்குப் பலம் தரும் பகுதி) ஒன்றை இழந்து நிற்போம். கிட்டார் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். கிட்டாரிலிருந்து 6 மீட்டர், பெடல்போர்டிலிருந்து ஆம்புக்கு இன்னொரு 6 மீட்டர் என்றால் 1200 பிக்கோஃபாரட் கிட்டார் பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தலையில் தொங்குகிறது; மேல் சுருதிகளின் பளபளப்பு அங்கேதான் போகிறது. அணைத்து வைத்திருக்கும்போதும் இந்தப் பெடலின் பஃபர் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் (இன்னும் முரட்டுத்தனமாகச் சத்தத்தை உடைக்கும் பெடல்) வைத்திருப்பவர்கள் மட்டும் ஃபஸ்ஸை இதற்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிக்கப் நேராக வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மொமென்டரி வகை (அழுத்தும்வரை மட்டும் சேரும்) ஃபுட்ஸ்விட்ச் ஒன்று, இரண்டு ஒயர். டேக்ட் ஸ்விட்சின் இரு முனைக்கும் இணையாகப் புது ஸ்விட்சைச் சேர்த்துவிட வேண்டியது. டேக்ட் ஸ்விட்சுக்கு நான்கு கால் உண்டு. அவை இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்தவை. எது எதோடு சேர்ந்தது என்று குழம்பாமல் இருக்கக் குறுக்கே எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு காலைப் பிடித்தால் போதும், தப்பாது. பழைய ஸ்விட்சைக் கழற்றவே வேண்டாம், இனி அதை யாரும் மிதிக்கப்போவதில்லை. ஆனால் அது தேய்ந்து தானாகவே தொட்டுக்கொண்டிருக்கும் நிலைக்கு வந்துவிட்டால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

கடையில் கேட்கும்போது 'அழுத்தும்வரை மட்டும் சேரும்' ஸ்விட்ச் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெளியே பார்த்தால் லாட்சிங் (ஒரு மிதிக்குப் பூட்டி, அடுத்த மிதிக்கு விடும்) வகையும் இதுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதே 12 மி.மீ. கழுத்து. லாட்சிங் போட்டுவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு முறை மிதிக்க வேண்டிவரும். வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள். 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டால் அது நமக்கு வேண்டியது அல்ல. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிட்சி தெருவில் ரெசிஸ்டர், ஃபிலிம் கெப்பாசிட்டர் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்விட்சுக்கு மட்டும் கையில் மல்டிமீட்டரோடு போவது நல்லது.

அடுத்து பெட்டி. பிளாஸ்டிக் பெட்டியின் இன்னொரு பாவம், அது வெளி இரைச்சலைத் தடுக்காது. டிரைவை முழுக்க ஏற்றினால் முதல் கட்டத்தின் பெருக்கம் சுமார் 118 மடங்கு. கல்யாண மண்டபத்துத் தொடர்விளக்கு, டிம்மர் போட்ட ஃபோகஸ் லைட், ஓரத்தில் வைத்த செல்போன் சார்ஜர் எல்லாமே அந்த 118 மடங்குக்குள் நுழையப் பார்க்கும். வார்ப்பு அலுமினியப் பெட்டிக்கு மாற்றிய பிறகு குறைகிற இரைச்சல்தான் இந்த வேலையில் எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம். கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் எடுக்கும் ஹம் இருக்கத்தான் செய்யும். அதற்கு மேலே உட்கார்ந்திருந்த 'ஸ்ஸ்ர்ர்' மட்டும் போய்விடும்.

எல்லோரும் 1590பி அளவுப் பெட்டியைத்தான் முதலில் நினைப்பார்கள். அது சுமார் 112க்கு 60 மி.மீ. இந்த ரகப் பெடலின் சர்க்யூட் போர்டு அகலமானது. ஜாக்கும் (கேபிள் சொருகும் துளை) பாட்டும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அளந்து பார்க்காமல் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். 94 மி.மீ. அகலமுள்ள 1590பிபி வாங்கினால் போர்டைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஜாக்குக்கும் இடம் விட்டு மூடலாம்.

ஓட்டைகள்: ஸ்விட்சுக்கு 12.5 மி.மீ., ஜாக்குக்கு 10, 16 மி.மீ. பாட்டின் கழுத்துக்கு 7.5, விளக்குக்கு 5. இடத்தைக் குறித்துச் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. அந்தக் குழி இல்லாமல் டிரில்லை வைத்தால் பிட் வழுக்கிப் பெயின்டைக் கீறும். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட், வேகம் குறைவாக, ஒரு சொட்டு எண்ணெய். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்கவே கூடாது. பெரிய ஓட்டை முடியும் கணத்தில் பிட் கவ்விக்கொண்டு பெட்டியைச் சுழற்றிவிடும்.

பெட்டி மாற்றுவதில் பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டே இடம். இரண்டும் சின்ன விஷயம், ஆனால் மணிக்கணக்கில் அலையவைக்கும்.

ஒன்று, பெயின்ட். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. ஜாக்கை அதன் மேலேயே இறுக்கினால் பெட்டி கிரவுண்டோடு சேராது. உலோகப் பெட்டி வாங்கியும் இரைச்சல் குறையவில்லை என்று புலம்புவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். சில பெட்டிகளில் உள்ளேயும் பெயின்ட் தெறித்திருக்கும். ஜாக் ஓட்டையைச் சுற்றி உட்புறம் வாஷர் அகலத்துக்குச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய வைத்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். பிறகு மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஜாக்கின் ஸ்லீவிலிருந்து (கிரவுண்டுக்குப் போகும் முனை) பெட்டிக்கு ஒரு முறை, பின்மூடிக்கு ஒரு முறை பாருங்கள். மூடிக்கு பீப் வரவில்லை என்றால் நான்கு திருகு இறங்கும் இடத்திலும் பெயின்ட் அடைத்திருக்கிறது. மல்டிமீட்டர் இல்லையா? பெடலை இயக்கி, பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் மாறினால் பெட்டி கிரவுண்டில் இல்லை.

இரண்டாவது, பவர் ஜாக். கிட்டார் பெடல் அடாப்டரில் நடு முள் நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். உலோக உடம்புள்ள டிசி ஜாக் வாங்கினால் அதன் உடம்பு வெளிவளையத்தோடு சேர்ந்திருக்கும். அதைக் கிரவுண்டில் உள்ள பெட்டியில் திருகினால் 9 வோல்ட் நேராக ஷார்ட். பிளாஸ்டிக் உடம்புள்ளதுதான் வேண்டும். பாசிட்டிவ் ஒயரில் ஒரு 1என்5817 டயோடைத் தொடராகப் போட்டுவிட்டால், யாராவது தவறான அடாப்டரைச் சொருகினாலும் போர்டு பிழைக்கும். 18 வோல்ட் கொடுத்தால் சத்தம் திறந்துகொள்ளும் என்ற பேச்சைக் கேட்டு இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். இத்தகைய போர்டில் 16 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் இருந்தாலே பெரிது. பேட்டரி வைத்துக்கொள்ள நினைத்தால் உள்வரும் ஜாக் ஸ்டீரியோ வகையாக இருக்கட்டும், பேட்டரியின் கறுப்பு ஒயர் அதன் நடு முனையான ரிங்கில். கேபிளைச் சொருகினால்தான் பேட்டரி சேரும் என்ற ஏற்பாடு அதில்தான் இருக்கிறது.

பாட்களின் கதை அலுப்பானது. மலிவுப் பெடலில் இவற்றுக்குத் திருகு வெட்டிய கழுத்து இருப்பதில்லை, நட்டு போட வழியில்லை. கழற்றிவிட்டுப் புது 16 மி.மீ. பாட்களை ஒயரில் இழுக்க வேண்டும். லெவலுக்கு 100 கிலோ ஓம் லாக் (ஒரே சீராக ஏறாத வளைவு), டிரைவுக்கு 500 கிலோ லாக். டோனுக்கு 20 கிலோவில் அந்தத் தனி வளைவுள்ள பாட் எளிதில் அகப்படாது. சாதா லீனியர் 20 அல்லது 25 கிலோ போடலாம். என்ன, மாற்றமெல்லாம் குமிழின் இரு ஓரத்தில் நெருங்கி வரும். டிரைவ் ஒயர்களை 5 செ.மீ.க்குள் வெட்டுங்கள். உள்வரும் ஒயரும் வெளியேறும் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், டிரைவை ஏற்றியதும் விசில் அடிக்கும்.

சத்தத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யத் தக்கது. 4.7 கிலோவும் 0.047 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகின்றன. தனியாக வாசிக்கும்போது பெடல் ஒல்லியாகக் கேட்பது இதனால்தான். கெப்பாசிட்டரைக் கழற்ற வேண்டாம். பாகங்களை மேற்பரப்பிலேயே பற்றவைத்த சர்ஃபேஸ் மவுன்ட் போர்டில் மூன்று விநாடிக்கு மேல் சூடு காட்டினால் செம்புப் பட்டை தாளோடு வருவதுபோல் பெயர்ந்து வந்துவிடும். ஆப்-ஆம்பின் 2ஆம் அல்லது 6ஆம் காலிலிருந்து தடத்தைப் பிடித்துப் போங்கள். '472' என்று எழுதிய ரெசிஸ்டர் வரும், அதோடு தொடராகக் கிரவுண்டுக்குப் போகும் எழுத்தே இல்லாத பழுப்புத் துண்டுதான் அந்தக் கெப்பாசிட்டர். அதன் முதுகில் '473' எழுதிய ஃபிலிம் கெப்பாசிட்டரை இணையாகப் பற்றவைத்தால் 0.094 ஆகும், எல்லை 360 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கீழ்க் கம்பிகளில் சதை பிடிக்கும். பேண்டில் பேஸ் கிட்டார் இருந்தால் இதைச் செய்யாமலே விடுவது மேல். அந்த ஒல்லித்தனம்தான் கூட்டத்தில் கிட்டாரைத் தனித்துக் காட்டுகிறது.

அந்தப் பழுப்புத் துண்டை மரக்குச்சியால் மெல்லத் தட்டிப் பாருங்கள், ஆம்பில் 'டொக்' என்று கேட்கும். இந்த வகை செராமிக் அதிர்வை மின்சாரமாக்கும். பெட்டியை மிதிக்கும்போது வரும் மெல்லிய தட்டல் சத்தத்தில் ஒரு பங்கு இதனுடையது. போர்டுக்கு அடியில் 3 மி.மீ. ஃபோம் வைத்தால் பாதி அடங்கும். ஆப்-ஆம்பை மாற்றுவதற்குச் செலவிடும் நேரத்தையும் காசையும் ஃபோமுக்கும் ஸ்விட்சுக்கும் கொடுங்கள். 4558 என்ற ஆப்-ஆம்ப் சிப்பின் மேல் எழுதியிருக்கும் எழுத்து சத்தத்தில் கேட்பதில்லை.

இனி நண்பருக்குப் பதில். சத்தத்துக்குப் பத்துக்கு ஒன்பது, பஃபருக்கு ஒன்பது, விலைக்குப் பத்து. ஆனாலும் வாங்க வேண்டாம். பெட்டி, ஸ்விட்ச், ஜாக், பாட் எல்லாம் சேர்த்தால் பெடல் விலையைத் தாண்டிவிடுகிறது, அதோடு இரண்டு நாள் வேலை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மிதித்தால் எரிய வேண்டும், அவ்வளவுதான். பாஸ் கம்பெனியின் பழைய எஸ்டி-1 ஓவர்டிரைவ் ஒன்று செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளட்டும். 1981இலிருந்து இரும்பு மாதிரி உழைக்கிற பெடல், இதே குடும்பத்துச் சத்தம்.

விலையைப் பார்த்து ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால், பெட்டி, பெயின்ட், கெப்பாசிட்டர் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் டேக்ட் ஸ்விட்சின் எதிர் மூலைக் கால்களிலிருந்து இரண்டு ஒயரைப் பேட்டரி அறை வழியாக வெளியே எடுத்து, ஒரு சின்ன டப்பாவில் மொமென்டரி ஸ்விட்சைப் பொருத்தி அதை மிதிக்கட்டும். அரை மணி நேர வேலை.