சுவரைத் தட்டிப் பார்த்தவரை நம்பி 480,000 ரூபா போய்விட்டது

கை இன்னும் நடுங்குகிறது. பழைய வீட்டில் சுவர் எடுக்க யோசிப்பவர்களுக்கு என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

கோண்டாவிலில் எங்களுடையது அப்பப்பா கட்டிய ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சாந்தில் கற்சுவர், மேலே கூரை மரங்கள், அதாவது சுவருக்குச் சுவர் குறுக்கே போகும் தீராந்தி, வளை, சிலாகை எல்லாம் பனை. மகளின் சாமத்தியச் சடங்கு வருகிறது, ஹோலைப் பெரிதாக்குவோம் என்று நடுச்சுவரை எடுக்க நினைத்தோம்.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஓர் இணையப் பக்கத்தில்தான் அந்தக் கொந்தராத்துக்காரர் கிடைத்தார். சுவரில் நாலு தட்டுத் தட்டி, வைத்தியர் மாதிரிக் காதை வைத்துக் கேட்டார். "அக்கா, இது சும்மா மறைப்புச் சுவர். ஒரு பாரமும் இல்லை, யோசிக்காதையுங்கோ." போகும்போது சாமி அறை வாசலில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடில்தான் நான் விழுந்தேன். அன்றைக்கே 3 லட்சம், வேலை தொடங்கிய அன்று மிச்சம் 180,000. ஒரு துண்டுகூட எழுதி வாங்கவில்லை.

சீலிங்குக்கு மேலே தீராந்தி அந்தச் சுவரில்தான் குந்தியிருந்தது. ஒரு பலகையைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும். முட்டுக் கொடுக்காமலே இடித்தார்கள். மூன்றாம் நாள் இரவு 'டக்' என்றொரு சத்தம். விடிய எழும்பிப் பார்த்தால் தீராந்தி 2 அங்குலம் தொய்ந்து, ஓடு சறுக்கி வானம் தெரிகிறது. அறைக் கதவு நிலையோடு இறுகிவிட்டது. மகள் உள்ளே. அலவாங்கால் நெம்பித்தான் அவளை வெளியே எடுத்தோம்.

கேட்டதற்கு, "பழைய வீடென்றால் கொஞ்சம் இறங்கும்தான் அக்கா." பிறகு, "நல்லூர்த் தேர் முடியட்டும்." தேரும் தீர்த்தமும் பூங்காவனமும் முடிந்தன, இப்போது போனே வேலை செய்யவில்லை. அந்த இணையப் பக்கத்துக்காரர் "நாங்கள் அறிமுகம் மட்டும்தான்" என்று ஒரு வரி போட்டுவிட்டு என் கருத்தை அழித்துவிட்டார். 480,000 ரூபா!

ஊர்த் தச்சு ஆசாரியார்தான் வந்து முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். முகட்டுப் பாரம் குத்துக்காலால், அதாவது நடுவில் நிமிர்ந்து நிற்கும் மரத்தால், தீராந்திக்கு வந்து, அங்கிருந்து அந்தச் சுவருக்குத்தானாம் இறங்கியது. முதலில் முட்டு, பிறகு இரண்டு முனையும் நல்ல சுவரில் உட்காரும்படி பீம், அதற்குப் பிறகுதான் சுத்தியலாம்.

சரி, ஆலோசனை. தட்டிப் பார்த்துச் சொல்பவரை நம்பாதீர்கள், மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினியர் ஒருவருக்குக் காட்டுங்கள். முழுக் காசையும் முன்னுக்குக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன், மழை தூறுகிறது, தறப்பாள் கட்ட வேண்டும்.