செங்கல்லா, சாம்பல் கல்லா, வெள்ளை பிளாக்கா, மண் கல்லா?

மச்சான் புதுச்சேரியை ஒட்டிய வானூர் பக்கம் 800 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டுகிறார். கடக்கால் தோண்டிய அன்று போன் வந்தது. "மாப்ளே, நாலு பேர் நாலு கல்லைச் சொல்றாங்க. பூமிக்கும் கேடில்லாம என் பர்ஸுக்கும் கேடில்லாம ஒண்ணு சொல்லு."

சூளைச் செங்கல்லை எடுத்துக்கொள்வோம். இரண்டு கல்லைத் தட்டினால் ‘கணீர்’ என்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் சரியாக வேகவில்லை. அந்தக் கணீருக்காகத்தான் விறகோ நிலக்கரியோ நாள்கணக்கில் எரிகிறது. மண்ணும் சும்மா வருவதில்லை. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் தோண்டித் தோண்டி நிலமே பள்ளமாகி, 2021இல் அனுமதியில்லாத சூளைகளை மூட வேண்டி வந்தது. ஆனால் கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார், அடித்த ஆணி நிற்கும். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவரை இடித்தால் கல் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். இதைப் புதுக் கல் விற்பவர் யாரும் சொல்லமாட்டார்.

சாம்பல் கல்லை, அதாவது ஃபிளை ஆஷ் கல்லை, வேகவைக்கும் வேலையே இல்லை. அனல் மின் நிலையச் சாம்பலோடு குவாரி தூளும் கொஞ்சம் சிமென்டோ சுண்ணாம்போ சேர்த்து, அச்சில் அழுத்தி, தண்ணீர் விட்டு ஆற வைத்தால் போதும். நிலக்கரியின் மிச்சத்தைப் ‘பசுமை’ என்பது எனக்கும் நெருடல்தான். இருந்தாலும் சாம்பல் ஏற்கெனவே மலையாகக் கிடக்கிறது, அது சுவருக்குள் இருப்பதே மேல். சிலர் சரியாக ஆறாத கல்லை லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதனால் வாங்கும்போது விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உதிர்ந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

வெள்ளை பிளாக் என்பது ஏஏசி, அதாவது காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல். அலுமினியத் தூள் சேர்ப்பதால் கலவை இட்லி மாவு மாதிரி உப்பும், பிறகு அழுத்தமான நீராவியில் வேகவைப்பார்கள். ஒரு கன மீட்டர் 600 கிலோ அளவுதான் இருக்கும். செங்கல் என்றால் 1,600 கிலோவுக்கு மேல். வெயிலையும் நன்றாகத் தடுக்கும். பத்து மாடி கட்டுபவர் இதைத்தான் எடுக்க வேண்டும். சுவர் லேசானால் தூண், பீம், கம்பி எல்லாமே குறையும். மச்சான் வீடோ சுவரே கூரையைத் தாங்கும் வீடு. நம்மூர் வழக்கப்படி இந்த பிளாக்கை தூணுக்கும் பீமுக்கும் நடுவில் அடைக்கத்தான் வைப்பார்கள். அப்படியானால் இல்லாத தூணையும் பீமையும் புதிதாக நிறுத்த வேண்டும். கல்லில் மிச்சம் பிடித்து கம்பியிலும் சிமென்டிலும் கொட்டுகிற கதைதான்.

சிமென்டுக்கு நான் இவ்வளவு பயப்படக் காரணம் உண்டு. உலகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7-8 சதவீதம் அதனுடையது. அதில் பாதிக்கு மேல் அடுப்புப் புகையால் வருவதில்லை. சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது தானே வெளியே விடும் வாயு அது. அடுப்பை சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் நிற்காது. கடையில் ஓபிசி என்ற சாதாரண சிமென்டுக்குப் பதில் சாம்பல் கலந்த பிபிசி மூட்டையைக் கேட்பது ஒரு சின்ன வேலை. அதைக்கூடச் சிலர் செய்வதில்லை.

கடைசியாக மண் கல். வானூருக்குப் பக்கத்திலேயே ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பல வருடங்களாகச் செய்துகாட்டும் வேலை இது. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடி மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, பிரஸ்ஸில் அழுத்தி, ஈரம் காயாமல் 28 நாள் வைத்திருக்க வேண்டும். சூளையும் வேண்டாம், லாரியும் வேண்டாம். ஆனால் எல்லா மண்ணும் இதற்கு ஒத்துவராது. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மச்சானிடம் ஒரு லிட்டர் பாட்டிலில் கால் பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைக்கச் சொன்னேன். மறுநாள் போட்டோ வந்தது. அடியில் தடிமனாக மணல், அதன்மேல் மெல்லிசாக வண்டல், உச்சியில் ஒரு விரல்கடை களி. நல்ல செம்மண்.

அதனால் என் ஓட்டு மண் கல்லுக்கு. இதே வீடு கரிசல் காட்டில் என்றால் சாம்பல் கல்தான், அதுவும் லாரி கிட்டத்திலிருந்து வந்தால். செங்கல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைச் சொல்வேன். கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. அதே ஒன்பது அங்குலச் சுவருக்குச் சுமார் கால்வாசிக் கல் மிச்சம், உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் மட்டுப்படுத்தும். எந்தக் கல் என்று கேட்கும் யாரும் எத்தனை கல் என்று கேட்பதில்லை.

மச்சான் வீட்டுக் கூரைக்கும் பேக்கர் வழியையே சொன்னேன். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிக்குத்தான் வேலை, கான்கிரீட்டுக்குப் பெரிதாக இல்லை. அங்கே கம்பிகளுக்கு நடுவில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் அந்த அளவுக்குக் கான்கிரீட் மிச்சம்.

மச்சானுக்கு 28 நாள்தான் கசந்தது. "கல்லு காயவே ஒரு மாசமா?" என்றார். செப்டிக் டேங்க் குழியில் எடுத்த மண்ணும் சுவருக்கு ஆகும் என்றதும் சமாதானமாகிவிட்டார்.

மேஸ்திரி இன்னும் முழுசாக நம்பவில்லை. முதலில் காம்பவுண்டு சுவரை மண் கல்லில் எழுப்புவாராம். அது ஒரு ஐப்பசி மழையைத் தாங்கட்டும், அப்புறம் வீட்டைத் தொடலாம் என்கிறார்.