பூமலை ஹீலிங் கார்டன்: அம்மா கண்டுகொண்ட பூ

லிம்ஃபோமா என்ற வெள்ளையணுப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்த மூன்றாம் மாதம், அம்மாவைச் சிங்கப்பூர் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், உள்ள ஹீலிங் கார்டனுக்கு அழைத்துச் சென்றேன். இரண்டரை ஹெக்டேர்; மூலிகைகளை உடலுறுப்பு வாரியாகப் பிரித்து நட்டிருக்கிறார்கள். அனுமதி இலவசம், செவ்வாய்க்கிழமை விடுமுறை.

அம்மா நின்றுவிட்ட இடம் நித்தியகல்யாணி. தஞ்சாவூர் வீட்டு வாசலில் தினமும் பூஜைக்குப் பறித்த அதே பூ. அவருக்கு ஊசியில் ஏற்றிய வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து இந்தச் செடியிலிருந்து வந்தது என்றேன், நம்பவில்லை. ஜமைக்காவில் நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடித்த இலையைக் கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன! வெள்ளையணுவைக் குறைப்பது அந்தப் புற்றுநோய்க்கும் உதவுமே என்ற அந்தத் தடத்தில்தான் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வெளிவந்தது. வின்கிரிஸ்டின் அதன் தங்கை.

இலையை அரைத்துக் குடிக்கலாமா என்று கேட்கும் உறவினர்களே, வேண்டாம். செடி நச்சுள்ளது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படும். அளந்து, சுத்திகரித்து, மருத்துவர் கண்காணிப்பில் ஏற்றுவதால்தான் அது மருந்து.

காலை எட்டுக்குள் போங்கள், வெயில் தாங்காது. அம்மா பூவைப் பறிக்கவில்லை, தொட்டுக் கும்பிட்டார்.